தோல்வி தெரிந்தும் களத்தில் நிற்றல்

மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரைகள். ஞாயிறு எழும் கடற்பக்கத்தை எழுவான்கரை என்றும், ஞாயிறு மறையும் வயற்பக்கத்தைப் படுவான்கரை என்றும் முன்னோர் பெயரிட்டழைத்தனர். படுவான்கரையின் நடுநாயகமாக விளங்கும் ஊர் கொக்கட்டிச்சோலை. கொக்கட்டி மரங்கள் செறிந்த சோலையிலே தானாகத் தோன்றிய இலிங்கத்தைக் கொண்டு எழுந்தது அங்குள்ள தான்தோன்றீஸ்வரர் ஆலயம் என்பது வழிவழி வந்த வரலாறு. 2014ஆம் ஆண்டில் மண்முனைத் துறையிலே பாலம் அமையும் வரையில், எழுவான்கரையிலிருந்து அவ்வூருக்குச் செல்வோர் தோணியிலோ, மக்கள் ‘பாதை’ என்று வழங்கிய மிதவையிலோ ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டியிருந்தது.

அவ்வாலயத்தின் கருமங்களில் குடிமுறை என்ற ஒழுங்கு உண்டு. எந்தக் குடியினர் எந்த நாளிலே திருவிழாச் செய்வது, வண்ணக்கராக இருப்போர் யாவர், மரியாதை பெறும் வரிசை எது என்பன மரபினால் வரையறுக்கப்பட்டவை. வரிசை முன்னரே தெரிந்த இடத்தில் போட்டிக்கு இடம் குறைவு. தேர்தல் என்பது இதற்கு நேர்மாறானது. அங்கே வரிசையை ஆக்குவதே எண்ணிக்கைதான். எண்ணி முடியுமுன் முந்தியவர் யார், பிந்தியவர் யார் என்று ஊகிக்கலாமேயன்றி, உறுதியாகச் சொல்ல முடியாது. ஆயினும் அந்த ஊகத்தை வைத்தே ஒரு கேள்வி எழுந்துவிடுகின்றது: “வெல்ல மாட்டார் என்று தெரிந்த ஒருவர் களத்தில் நிற்பானேன்? வழிவிட்டு ஒதுங்கினால் என்ன?”

2024ஆம் ஆண்டு ஆவணி, புரட்டாதி மாதங்களிலே இக்கேள்வி வடக்கிலும் கிழக்கிலும் பலமாக எழுந்தது. படுவான்கரையிலோ அது வீட்டுக்கேள்வியாகவே ஆயிற்று. அவ்வாண்டு செப்டெம்பர் 21ஆம் திகதி நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலிலே தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்ற திரு. பா. அரியநேத்திரன், மட்டக்களப்பு மாவட்டத்தின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் என்பதே அதற்குக் காரணம். அக்கேள்விக்கு விடை காணுமுன், அது இதற்கு முன் எங்கெங்கே எழுந்தது, அங்கெல்லாம் என்ன விளைந்தது என்பதை வரலாற்றின் துணைகொண்டு நோக்குதல் தகும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே கட்சியின் வேட்பாளரைக் கட்சி சார்ந்த வாக்காளரே தெரிவுசெய்யும் முறை ஒன்று உண்டு. மாநிலம் மாநிலமாகப் பல மாதங்கள் நடைபெறும் இதனை முதனிலைத் தேர்தல் எனலாம். இம்முறையிலே யார் பின்தங்கியுள்ளார் என்பது வாரந்தோறும் வெளிப்படையாகத் தெரிந்துகொண்டே வரும். ஆதலின், “விலகுவதா, நிற்பதா?” என்ற வினாவும் அங்கே வாரந்தோறும் எழும்.

1976இல் குடியரசுக் கட்சியிலே, பதவியிலிருந்த ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டை எதிர்த்து ரொனால்ட் ரேகன் நின்றார். தொடக்கத்திலே வரிசையாகத் தோற்றார். விலகுமாறு பலரும் வற்புறுத்தினர். அவர் விலகவில்லை. மார்ச்சு மாதத்திலே வட கரோலினாவில் வென்றார். ஆகஸ்டில் கன்சாஸ் நகரிலே கூடிய மாநாட்டில் ஃபோர்டுக்கு 1,187 பேராளர்களும் ரேகனுக்கு 1,070 பேராளர்களும் வாக்களித்தனர். தோற்றவர் நான்கு ஆண்டுகளின் பின் அதே கட்சியின் வேட்பாளராகி நாட்டின் தலைவரானார். 1980இல் சனநாயகக் கட்சியிலே எட்வர்ட் கென்னடி அவ்வாறே ஜனாதிபதி ஜிம்மி காட்டரை எதிர்த்து மாநாடு வரை நின்றார். அவர் ஒருபோதும் ஜனாதிபதியாகவில்லை. காட்டரும் அவ்வாண்டு நவம்பரிலே தோற்றார். 2008இலோ திருமதி ஹிலாரி கிளின்டன், கடைசி மாநிலம் வாக்களித்து முடியும் வரை நின்று, முடிந்த சில நாட்களில், யூன் 7ஆம் திகதி, பராக் ஒபாமாவை ஆதரித்து ஒதுங்கினார். அவ்வாண்டு கட்சி வென்றது. தோற்ற அவர் அடுத்த ஆண்டிலே வெளிவிவகாரச் செயலாளரானார்.

நின்றதனால் ஏற்றம் பெற்றவரும் உளர். ஏற்றம் பெறாதவரும் உளர். கட்சி வென்றதும் உண்டு, வீழ்ந்ததும் உண்டு. நிற்பதே நன்று, விலகுவதே நன்று என்று பொதுவிதி ஒன்றை இவற்றிலிருந்து வகுத்தல் இயலாது. ஆயினும் மூன்றிலும் பொதுவான ஒரு சிறப்பு உண்டு. போட்டி எப்பொழுது முடியும், யார் எண்ணுவார், எத்தனை பெற்றால் வெற்றி என்பன முன்னரே எழுதப்பட்டிருந்தன. பின்தங்கியவர் நின்றாலும் ஒரு நாள் வரைதான் நிற்க முடியும்.

பாரத நாட்டிலே இதே வினா தமிழர் ஒருவரின் கையிலே சிலகாலம் இருந்தது. 1964ஆம் ஆண்டு மே 27ஆம் திகதி ஜவகர்லால் நேரு மறைந்தபொழுது காங்கிரசுக் கட்சியின் தலைவராக இருந்தவர் காமராசர். அடுத்த பிரதமராகும் விருப்புடன் மொரார்ஜி தேசாய் இருந்தார். காமராசர் கட்சியினரை ஒவ்வொருவராகக் கண்டு கருத்தறிந்து, பெரும்பாலோர் லால் பகதூர் சாஸ்திரியையே விரும்புகின்றனர் என்று முடிவு கூறினார். தேசாய் வாக்கெடுப்பின்றி ஒதுங்கினார். 1966 சனவரி 11இல் சாஸ்திரி தாஷ்கண்டிலே காலமானார். இம்முறை தேசாய் ஒதுங்க மறுத்தார். தோல்வி நிச்சயம் என்று சுற்றியிருந்தோர் எடுத்துரைத்தும், வாக்கெடுப்பு நடக்கட்டும் என்று நின்றார். சனவரி 19ஆம் திகதி வாக்குகள் எண்ணப்பட்டன. இந்திரா காந்தி அம்மையாருக்கு 355, தேசாய்க்கு 169. மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஆயினும் புறக்கணிக்க முடியாத பங்கு. 1967 பொதுத்தேர்தலின் பின் மீண்டும் வாக்கெடுப்பு நேரவிருந்தபொழுது உடன்பாடு காணப்பட்டது; தேசாய் துணைப் பிரதமரானார். 1964இல் கட்சிக்குள் அவருக்குள்ள வலிமை எவ்வளவு என்பது எவருக்கும் தெரியாது. 1966இல் எண்ணப்பட்டபின் எல்லாருக்கும் தெரிந்தது. அந்த எண்ணிக்கைதான் 1967இல் அவருக்கு இடம் பெற்றுத் தந்தது எனலாம். அவ்வுடன்பாடும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1969 யூலையில் நிதிப் பொறுப்பு அவரிடமிருந்து எடுக்கப்பட, அவர் பதவி துறந்தார். அவ்வாண்டு நவம்பரிலே கட்சியே பிளந்தது.

இதற்கு முன்னர் நிகழ்ந்த இன்னொரு காங்கிரசுப் போட்டியும் நினைவுகூரத் தக்கது. 1939 சனவரியிலே கட்சித் தலைமைக்குச் சுபாஸ் சந்திர போசு மீண்டும் நின்றார். மௌலானா ஆசாத் போட்டியிலிருந்து விலகினார். பட்டாபி சீதாராமையா நின்றார். போசு 1,580 வாக்குகளும் சீதாராமையா 1,377 வாக்குகளும் பெற்றனர். சீதாராமையாவின் தோல்வி தம்முடைய தோல்வியே என்றார் காந்தியடிகள். செயற்குழுவினர் பெரும்பாலோர் விலகினர். வென்றவர் கருமமாற்ற வழியின்றி ஏப்ரலிலே பதவி துறந்தார். இங்கே போட்டி முறையாகவே நடந்தது, எண்ணிக்கையும் ஐயமற்றது. பிளவு வந்தது வாக்கெடுப்பினால் அன்று. எண்ணி முடிந்தபின் அந்த எண்ணை ஏற்று நடக்க மனம் ஒருப்படாமையினாலேயே வந்தது.

இவ்விரு செய்திகளையும் மனத்திலிருத்தி மட்டக்களப்புக்குத் திரும்பலாம்.

1977ஆம் ஆண்டு. தமிழரசுக் கட்சியின் நிறுவுநர் தந்தை செல்வநாயகம் ஏப்ரல் 26ஆம் திகதி மறைந்து மூன்று மாதங்கள் நிறையவில்லை. யூலையிலே பொதுத்தேர்தல். மட்டக்களப்பு அக்காலத்திலே இரண்டு உறுப்பினரைத் தெரிவுசெய்யும் தொகுதி. தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் இடத்தில் இரு சமூகத்தாருக்கும் பிரதிநிதித்துவம் கிட்டவேண்டும் என்பதே இரட்டைத் தொகுதியின் கருத்து. 1956 முதல் அத்தொகுதியின் உறுப்பினராக இருந்தவர் செ. இராசதுரை, நாவன்மை மிக்கவர். கவிஞர் காசி ஆனந்தன் சிறை சென்று மீண்டவர், இளைஞரின் அன்புக்குரியவர். இவ்விருவருள் ஒருவரைத் தெரியக் கட்சியிடம் முறையொன்று இருக்கவில்லை. முடிவில் இருவருமே நின்றனர். இராசதுரை தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்திலும், காசி ஆனந்தன் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்திலும் வாக்குக் கேட்டனர்.

இராசதுரைக்கு 26,648 வாக்குகள். ஐக்கிய தேசியக் கட்சியின் பரீத் மீராலெப்பைக்கு 25,345. காசி ஆனந்தனுக்கு 22,443. முதல் இருவரும் பாராளுமன்றம் சென்றனர். காசி ஆனந்தன் இரண்டாம் இடத்தைத் தவறவிட்டது ஏறத்தாழ 2,900 வாக்குகளாலாகும். இந்தப் போட்டியிலே அவர் முன்கூட்டியே பின்தங்கியவர் என்று எவராலும் சொல்லியிருக்க முடியாது. ஆயினும் கட்சிக்குள்ளே எண்ணப்படாத போட்டி, ஊருக்குள்ளே எண்ணப்பட்டது. ஒரே கொடியின் கீழ் இருந்தோர் இரு சின்னங்களாகப் பிரிந்து வீடு வீடாக ஏறினர். மனக்கசப்பு தேர்தலோடு ஒழியவில்லை. 1979 மார்ச்சிலே இராசதுரை அரசாங்கக் கட்சியிற் சேர்ந்தார். அதற்குக் காரணங்கள் பல கூறப்படுவதுண்டு. 1977இன் போட்டி அவற்றுள் ஒன்று என்பதை மறுப்பார் அரியர்.

ஐந்தாண்டு கழித்து, 1982 ஒக்டோபரிலே, நாட்டின் முதலாவது ஜனாதிபதித் தேர்தல் நடைபெற்றது. தமிழர் விடுதலைக் கூட்டணி வேட்பாளரை நிறுத்தவில்லை. தமிழ்க் காங்கிரசின் சார்பிலே குமார் பொன்னம்பலம் நின்றார். நாடு முழுவதும் அவருக்குக் கிடைத்த வாக்குகள் 173,934. நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. நாட்டின் தலைவராகும் வாய்ப்பு அவருக்கு இல்லை என்பதை அவரும் அறிவார், வாக்களித்தோரும் அறிவர். ஆயினும் யாழ்ப்பாண மாவட்டத்திலே அவரே முதல்வராக வந்தார். மட்டக்களப்பு மாவட்டத்திலே ஏறத்தாழ 47,000 வாக்குகள் பெற்று, முதலிடம் பெற்ற ஜே. ஆர். ஜயவர்த்தனாவுக்கு ஏறத்தாழ ஆயிரம் வாக்குகளே பின்னின்றார். கிழக்கிலங்கை மக்கள் என்ன எண்ணினர் என்பதற்கு அத்தேர்தல் எழுத்திலுள்ள சான்று. அவர் நிற்காதிருப்பின் அச்சான்று இல்லை. எனினும் தோல்வி தெரிந்து நிற்போர் எல்லாருக்கும் இத்தகைய சான்று கிட்டிவிடுவதில்லை. 2010இலும் 2019இலும் திரு. எம். கே. சிவாஜிலிங்கம் ஜனாதிபதித் தேர்தலிலே நின்றார். முதல் முறை 9,662 வாக்குகளும் இரண்டாம் முறை 12,256 வாக்குகளுமே கிடைத்தன. எண்ணிக்கை நிற்பவருக்கு எப்பொழுதும் ஆறுதல் தருவதன்று. அது உள்ளதையே சொல்லும்.

இனி 2024. அவ்வாண்டு தமிழ் அரசியலிலே இக்கேள்வி இரண்டு முறை, இரண்டு வடிவில் எழுந்தது.

முதலாவது, கட்சிக்குள்ளே. 1949 டிசம்பர் 18ஆம் திகதி தொடங்கப்பட்ட இலங்கைத் தமிழரசுக் கட்சி, அதன் தலைவரைப் பெரியோர் கூடி ஒருமனதாகத் தெரிவதையே வழக்கமாகக் கொண்டிருந்தது. திரு. மாவை சேனாதிராசாவுக்குப் பின் யார் என்ற வினா எழுந்தபொழுது மூவர் முன்வந்தனர். திரு. சி. சிறிதரன், திரு. எம். ஏ. சுமந்திரன், மட்டக்களப்பின் முன்னாள் உறுப்பினர் திரு. சீ. யோகேஸ்வரன் என்போர் அம்மூவர். 2024 சனவரி 21ஆம் திகதி திருகோணமலையிலே கட்சியின் பொதுச்சபை கூடியது. யோகேஸ்வரன் சிறிதரனுக்கு ஆதரவாக ஒதுங்கிக்கொண்டார். இரகசிய வாக்கெடுப்பிலே சிறிதரன் 184 வாக்குகளும் சுமந்திரன் 137 வாக்குகளும் பெற்றனர். ஏறத்தாழ 75 ஆண்டுகளின் பின், அமெரிக்க முதனிலைத் தேர்தலுக்கு ஒப்பான ஒன்றைத் தமிழ்க் கட்சியொன்று நடத்திப் பார்த்தது.

மூன்றாமவர் ஒதுங்கியது சரியா? அவர் கூற விரும்பியதைக் கூறும் இன்னொருவர் களத்திலே இருந்தார். தாம் நின்றால் அக்கருத்துக்குரிய வாக்கு இரண்டாகப் பிரியும். ஆகவே அவர் ஒதுங்கியதனால் எவருடைய குரலும் எண்ணப்படாமற் போகவில்லை. அது தக்கதே.

ஆனால் அதன்பின் நிகழ்ந்தது 1939ஐ நினைவூட்டுவது. செயலாளர் பதவி யாருக்கு என்பதிலே பிணக்கு மூண்டது. வாக்கெடுப்பின் செல்லுபடி பற்றிய வழக்கு நீதிமன்றம் ஏறியது. பெப்ரவரியிலே நடக்கவிருந்த மாநாடு நடக்கவில்லை. வாக்கினாலே தெரியப்பட்ட தலைவர் பதவியை முறைப்படி ஏற்கும் நாள் வரவேயில்லை. போட்டி வைத்ததே தவறு என்றனர் சிலர். அவர் சொல்வது பொருந்தாது. போட்டி ஒரு பகலிலே முடிந்தது. யார் வாக்களிக்க உரியவர், தோற்ற தரப்புக்கு எந்தப் பொறுப்பு, பிணக்கு நேர்ந்தால் கட்சிக்குள்ளே யார் தீர்ப்பது என்பனவற்றை முன்கூட்டி எழுதி வைக்காமையே வழக்குக்கு வழி திறந்தது.

இரண்டாவது, ஜனாதிபதித் தேர்தல். சில கட்சிகளும் குடிசார் அமைப்புகளும் சேர்ந்து ஆகஸ்டிலே அரியநேத்திரனைப் பொது வேட்பாளராக அறிவித்தன. அவரோ தமிழரசுக் கட்சிக்காரர்; அக்கட்சியோ அந்த முயற்சியிலே சேரவில்லை. 2004இல் பாராளுமன்றம் சென்று, 2010இல் மீண்டும் தெரிவாகி, 2015இல் தோற்றவர் அவர். தோல்வியின் சுவை அவருக்குப் புதிதன்று. செப்டெம்பர் 1ஆம் திகதி வவுனியாவிலே கூடிய தமிழரசுக் கட்சியின் மத்திய குழு, திரு. சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதென்றும், அரியநேத்திரனை விலகுமாறு கேட்பதென்றும் முடிவு செய்தது. தபால் வாக்களிப்புத் தொடங்க மூன்று நாட்களே இருந்தன. அவர் விலகவில்லை. சனவரியிலே வாக்கினால் தெரியப்பட்ட சிறிதரன், தம் கட்சியின் முடிவுக்கு மாறாக, அவரையே ஆதரித்தார்.

விலகுக என்றோரின் வாதம் வலுவற்றதன்று. வெல்லக்கூடியவரோடு பேரம் பேசினால் ஏதேனும் பெறலாம். வெல்ல முடியாதவருக்கு இடும் வாக்கு எதையும் பெறாது. வாக்கைச் சிதறவிட்டால் சிறுபான்மையோரின் பலம் நாட்டுக்குத் தெரியாமற் போகும். குறைந்த வாக்கு வருமாயின் கோரிக்கையே வலுவிழந்ததாகக் கருதப்படும். நிற்க என்றோர் கூறியது வேறு. பல தேர்தல்களிலே தமிழர் ஒருவரைத் தோற்கடிக்கவே இன்னொருவருக்கு வாக்களித்தனர். தம் கோரிக்கைக்காக வாக்களிக்கும் வாய்ப்பு அவர்களுக்கு இருக்கவில்லை என்றனர்.

கொக்கட்டிச்சோலைப் பகுதியாருக்கு இவ்வாதம் வெறும் ஏட்டுவாதமன்று. 1987 சனவரி 28ஆம் திகதியும், 1991 யூன் 12ஆம் திகதியும் அவ்வூர்ப்புறத்து மக்கள் பலர் கொல்லப்பட்ட நாட்கள். பின்னையதில் 67 பேர் உயிரிழந்தனர் என்று அரசாங்கம் நியமித்த விசாரணை ஆணைக்குழுவே முடிவு செய்தது. இறந்தோரைக் கூட முறையாக எண்ணுதற்குப் போராட வேண்டியிருந்த மக்களுக்கு, தம்முடைய கருத்தும் ஒரு முறை எண்ணப்படவேண்டும் என்ற வேட்கை இருப்பின் அதனை வியத்தற்கில்லை. அதேவேளை, மீண்டும் துன்பம் நேராதவாறு கொழும்பிலே ஆட்சி செய்பவரோடு இணக்கம் வேண்டும் என்று கருதுவோரும் அதே ஊர்களில் வாழ்வோரே.

இவ்விரு தரப்பாரும் கவனியாது விட்ட ஒன்றுண்டு. இலங்கையின் ஜனாதிபதித் தேர்தற் சட்டமே இப்பிணக்குக்கு ஒரு வழி வைத்திருக்கின்றது. வாக்காளர் ஒருவர் 1, 2, 3 என்று மூவருக்கு விருப்பத் தெரிவு இடலாம். எவரும் பாதிக்கு மேல் பெறாவிடின், முதலிருவர் நீங்கலாக ஏனையோருக்கு வாக்களித்தோரின் அடுத்த விருப்பு எண்ணப்படும். அஃதாவது, தோல்வி தெரிந்தவருக்கு முதல் வாக்கை இட்டுவிட்டு, வெல்லக்கூடியவருக்கு இரண்டாம் வாக்கை இடலாம், இரண்டும் வீணாகா. 2024இலே வரலாற்றில் முதன்முறையாக அந்த இரண்டாம் எண்ணிக்கை நடைபெற்றது. முதல் எண்ணிக்கையில் திரு. அநுர குமார திசாநாயக்க 5,634,915 வாக்குகளும், சஜித் பிரேமதாச 4,363,035 வாக்குகளும் பெற்றனர். இரண்டாம் எண்ணிக்கையில் முன்னவருக்கு 105,264 வாக்குகளும் பின்னவருக்கு 167,867 வாக்குகளும் சேர்ந்தன. ஏனைய வேட்பாளர்களுக்கு இடப்பட்ட வாக்குகள் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றுள் நூற்றுக்கு எட்டளவே அடுத்த விருப்பாக முதலிருவரைச் சென்றடைந்தன. சட்டம் திறந்து வைத்த கதவின் வழியே நடந்தவர் மிகச் சிலர். “விலகு” என்போரும் “நில்” என்போரும் மேடைகளிலே செலவிட்ட நேரத்தில் ஒரு பாதியை, இரண்டாம் விருப்பு இடும் முறையை வாக்காளருக்கு விளக்குவதிலே செலவிட்டிருப்பின் இப்பிணக்கு பெரிதும் தணிந்திருக்கும்.

முடிவு என்னவாயிற்று? அரியநேத்திரன் நாடு முழுவதும் 226,343 வாக்குகள் பெற்று ஐந்தாம் இடத்தைப் பெற்றார். யாழ்ப்பாண மாவட்டத்திலே 116,688 வாக்குகள்; அங்கே முதலிடம் பெற்ற சஜித் பிரேமதாசவுக்கு 121,177. இடைவெளி ஐயாயிரத்துக்கும் குறைவு. அவருடைய சொந்த மாவட்டமாகிய மட்டக்களப்பிலோ அவர் பெற்றவை ஏறத்தாழ 37,000. சஜித் பிரேமதாச பெற்றவை ஏறத்தாழ 139,000. மட்டக்களப்பிலே முஸ்லிம் மக்களின் வாக்கும் பெருமளவு உண்டு என்பதை மறவாது நோக்கினும், தமிழ் வாக்காளரிலே மிகப் பலர் அவரைத் தெரிவு செய்யவில்லை என்பது தெளிவு.

இவ்வெண்கள் இரு தரப்பாருக்கும் பாடம் கூறின. கட்சி சொன்னால் மக்கள் பின்வருவர் என்று எண்ணியோருக்கு, இரண்டேகால் இலட்சம் பேர் அவ்வாறு வரவில்லை என்று கூறின. தமிழ் மக்கள் அனைவரும் எங்கள் பின்னே என்று முழங்கியோருக்கு, யாழ்ப்பாணத்திலே கூட முதலிடம் கிட்டவில்லை, கிழக்கிலே குரல் இன்னும் தாழ்ந்தது என்று கூறின. அவர் செப்டெம்பர் முதல் வாரத்திலே விலகியிருப்பின் இவ்விரு தரப்பாரும் தத்தம் கற்பனையோடே இருந்திருப்பர். பின்தங்கியவர் நின்றதனால் விளைந்த பயன் அவருக்கு மட்டும் உரியதன்று. அவரை எதிர்த்தோருக்கும் உரியது.

அடுத்த நவம்பரிலே நடந்த பொதுத்தேர்தல் இதற்கு ஒரு பின்னுரை போன்றது. சங்குச் சின்னத்தை ஏற்று நின்ற கூட்டணிக்கு நாடு முழுவதிலும் ஓர் ஆசனமே கிட்டியது. ஒரு தேர்தலிலே ஒரு கோரிக்கைக்கு விழுந்த வாக்கு, சின்னத்தோடு ஒட்டிக்கொண்டு அடுத்த தேர்தலுக்கு வரவில்லை. தமிழரசுக் கட்சியோ மட்டக்களப்பிலே மூன்று ஆசனங்களைப் பெற்றது. 22 தேர்தல் மாவட்டங்களுள் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெறாத ஒரே மாவட்டம் மட்டக்களப்பே. செப்டெம்பரிலே பிரிந்து வாக்களித்த மக்கள் நவம்பரிலே வேறுவிதமாகத் தீர்ப்பளித்தனர். களத்தில் ஒருவர் நின்றதனாலே சமூகம் என்றென்றைக்கும் பிளந்துவிடும் என்ற அச்சம் மிகையானது என்பதற்கு மட்டக்களப்பு மக்களே சான்று.

இவ்வரலாறுகளிலிருந்து பெறப்படுவது இதுவாகும். பின்தங்கிய வேட்பாளர் முதலிலே தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியது, “நான் விலகினால் எவருடைய கருத்தாவது எண்ணப்படாமற் போகுமா?” என்பதே. போகாது எனின், யோகேஸ்வரன் செய்தது போல ஒதுங்குவதே அழகு. போகும் எனின், 1966இல் தேசாய் நின்றது போல நிற்பதே முறை. அதனைத் துரோகம் என்று தூற்றுதல் தகாது. அடுத்து, நிற்பவர் எண்ணிக்கை வரை நின்று, எண்ணி முடிந்தபின் அதனை ஏற்றாக வேண்டும். வென்றவரும் தோற்றவரின் எண்ணைக் கணக்கிற் கொள்ளல் வேண்டும். 137 என்பதும் ஓர் எண். 169 என்பதும் ஓர் எண்.

கட்சிகளுக்கும் ஒரு கடமை உண்டு. 1977இலே மட்டக்களப்பில் நேர்ந்தது முறையின்மையால். 2024இலே திருகோணமலையின் பின் நேர்ந்தது முறை அரைகுறையாக இருந்தமையால். வாக்குரிமை யாருக்கு, முடிவுநாள் எது, தோற்றவருக்குரிய இடம் எது என்பன போட்டி தொடங்குமுன்னே எழுத்தில் இருத்தல் வேண்டும். அவை இல்லாத இடத்திலே நிற்பவரைப் பார்த்து விலகு என்பதும், விலகியவரைப் பார்த்துக் கோழை என்பதும் பயனற்ற பேச்சு.

மண்முனைத் துறையிலே இன்று பாலம் இருக்கின்றது. பாதை ஓடிய காலத்திலே, கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்பது இரு கரையாருக்கும் தெரியும். அதனைத் தெரிந்துகொண்டே வேலையை முடித்துக் கரைக்கு வந்தனர். எவரும் எவரோடும் அதற்காகச் சண்டையிட்டதில்லை. தேர்தற் களத்துக்கும் அத்தகைய தெரிந்த நேரம் ஒன்று இருந்தால், பின்தங்கியவர் அதுவரை நிற்பதிலே எவருக்கும் கேடு இல்லை.